பிளஸ் டூ கணித வகுப்பின் எதிர்பார்ப்புகளும் மதிப்பெண் விதிகளும்: புதிய ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தை முதன்முறையாகக் கையில் எடுக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் இந்த வேலை முடிந்துவிட வேண்டும். முடியும்போது உங்கள் கையில் இரண்டு பொருள்கள் இருக்கும்: மாணவரும் பெற்றோரும் படித்துக் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள் ஒன்று, எந்த மதிப்பெண் எப்படி வந்தது என்று பிப்ரவரியில் யார் கேட்டாலும் பதில் சொல்லக்கூடிய பதிவேடு ஒன்று.

இதில் வரிசைதான் உயிர். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே விதிகளைச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு தேர்வு வைக்கிறார்கள். மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுவது என்பதைக் காலாண்டுத் தேர்வு நெருங்கும்போதுதான் யோசிக்கிறார்கள். அப்போது விதிகளை மாற்ற வேண்டி வருகிறது. என் முதல் ஆண்டில் நானும் இரண்டாவது தேர்வு முடிந்த பிறகு, வீட்டுப்பாடமும் சராசரியில் சேரும் என்று அறிவித்தேன். தேர்வுகளில் நன்றாக எழுதிய, ஆனால் மாலை நேரங்களில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்த ஒரு மாணவியின் சராசரி அந்த ஒரே அறிவிப்பால் இறங்கிவிட்டது. "முன்னாடியே சொல்லியிருந்தா ஏதாவது ஏற்பாடு பண்ணியிருப்பேன் சார்" என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நடந்து முடிந்த தேர்வுக்குப் பின்னோக்கி, மாணவருக்குப் பாதகமான ஒரு விதியைப் பொருத்தக் கூடாது என்பதை அன்றிலிருந்து மாற்றமில்லாமல் கடைப்பிடித்து வருகிறேன்.

1. தொடங்கும் முன் சேர்த்துவைக்க வேண்டியவை

பாடநூலின் இரண்டு தொகுதிகள், முந்தைய பொதுத் தேர்வு வினாத்தாள்கள், அவற்றின் விடைக்குறிப்புகள், மாணவர்களின் பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், நீளமான பதிவேடு ஒன்று. இவ்வளவு போதும்.

வினாத்தாள்களைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். இப்போதைய பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு முதல் பொதுத் தேர்வு நடந்தது 2020 மார்ச்சில். அதற்கு முந்தைய தாள்களை அப்படியே பயிற்சிக்குக் கொடுத்தால், பாடநூலில் இல்லாத வினாக்களும் சேர்ந்தே வரும். 2021-இல் தேர்வு நடக்கவில்லை. 2022-இல் குறைக்கப்பட்ட பாடப்பகுதியிலிருந்து வினாக்கள் வந்தன; எந்த அதிகாரத்திலிருந்து எத்தனை வினா வரும் என்று கணிக்க அந்தத் தாள் உதவாது. எனவே 2023 முதலான தாள்களை அடிப்படையாக வைத்துக்கொள்வது நல்லது.

விடைக்குறிப்பு இல்லாமல் வினாத்தாளை மட்டும் வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வேலைக்கு வினாத்தாளைவிட விடைக்குறிப்பே அதிகம் பயன்படும். ஒரு கணக்கின் எந்த வரிக்கு மதிப்பெண் கிடைக்கிறது என்பது அதில்தான் தெரியும்.

2. பொதுத் தேர்வின் கணக்கை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

உங்கள் வகுப்பு விதிகள் எப்படி இருந்தாலும், ஆண்டின் முடிவில் மாணவர் நிற்கப்போவது பொதுத் தேர்வின் முன்னால். அதனால் அதன் அமைப்பு பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10 மதிப்பெண், மொத்தம் 100. எழுதும் நேரம் மூன்று மணி. ஒரு மதிப்பெண் வினாக்கள் 20, அனைத்தும் கட்டாயம். இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்தில் ஏழு எழுத வேண்டும். அவற்றுள் 30-ஆவது வினா கட்டாயம். மூன்று மதிப்பெண் வினாக்களிலும் பத்தில் ஏழு. 40-ஆவது வினா கட்டாயம். ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழு; ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. 20, 14, 21, 35 என்று கூட்டினால் 90 வரும். இந்தக் கூட்டலை மாணவர்களையே கரும்பலகையில் போடச் சொல்லுங்கள். எங்கே எவ்வளவு கிடைக்கிறது என்பதை அப்போது அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும். எழுத்துத் தேர்வில் குறைந்தது 25 வேண்டும். பெரிய குழப்பம் எழுவது இங்கேதான். "எழுத்தில் 25 எடுத்தால் பாஸ்" என்று ஒரு புதிய ஆசிரியர் வகுப்பில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அகமதிப்பீட்டில் பத்துக்குப் பத்தும் பெற்றவருக்கு மட்டுமே அது உண்மை. அகமதிப்பீட்டில் 7 பெற்றவருக்கு எழுத்தில் 28 வேண்டும். 6 பெற்றவருக்கு 29 வேண்டும். தேர்ச்சியின் விளிம்பில் இருக்கும் மாணவருக்கு இந்த மூன்று, நான்கு மதிப்பெண்கள் ஓராண்டுக்குச் சமம். ஆகவே ஒவ்வொரு மாணவரிடமும் அவருக்குரிய எண்ணைச் சொல்லுங்கள். பொதுவாக ஓர் எண்ணைச் சொல்லி விடாதீர்கள்.

மறுமுனையில் பொறியியல் கலந்தாய்வை நோக்கிப் படிப்பவர்கள் இருப்பார்கள். கட் ஆஃப் கணக்கில் இயற்பியலும் வேதியியலும் 50, 50 ஆகச் சுருக்கப்படும். கணிதம் மட்டும் 100-க்கு 100 ஆகவே சேரும். ஆகவே கணிதத்தில் போகும் ஒரு மதிப்பெண் கட் ஆஃபில் முழுதாக ஒன்றைக் குறைக்கும். அகமதிப்பீட்டின் ஒரு மதிப்பெண்ணும் அப்படித்தான்.

3. விதிகளுக்கு முன் ஒரு கண்டறி தேர்வு

பள்ளி திறந்த மூன்றாம் அல்லது நான்காம் நாள் நாற்பது நிமிடத்தில் இருபது சிறு கேள்விகள் கொடுங்கள். பின்னங்களைக் கூட்டுவது, குறை எண்களைப் பெருக்குவது, இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள், இரண்டுக்கு இரண்டு அணிக்கோவையின் மதிப்பு, சில வகையிடல் சூத்திரங்கள், 30, 45, 60 பாகைகளின் முக்கோணவியல் மதிப்புகள். இவ்வளவுதான்.

காரணம் எளிது. முதல் அதிகாரமே அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள். பதினொன்றாம் வகுப்பில் அணிக்கோவையைத் தவறவிட்ட மாணவர் அந்த அதிகாரத்தின் முதல் வாரத்திலேயே நின்றுவிடுவார். கணிதம் தனக்கு வராது என்ற முடிவுக்கும் வந்துவிடுவார். இரண்டாம் தொகுதியின் தொடக்கத்திலிருக்கும் வகை நுண்கணிதத்திலும் வகையிடல் தெரியாதவருக்கு இதே நிலைதான்.

இந்தத் தேர்வின் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது. தாளின் மேல் எண்ணே எழுத வேண்டாம். எந்தக் கேள்விகள் தவறு என்று வட்டமிட்டுக் கொடுத்தால் போதும். பலர் இதையே முதல் தேர்வாகக் கருதி ரேங்க் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை கண்டறி தேர்வில் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவார்கள். உங்களுக்கு எதுவும் கண்டறியக் கிடைக்காது.

4. ஒரு பக்க எதிர்பார்ப்புத் தாள்

கண்டறி தேர்வைத் திருத்திய பிறகு இதை எழுத உட்காருங்கள். எட்டு வரிகளுக்கு மேல் போக வேண்டாம். இருபத்தைந்து விதிகள் கொண்ட தாளை ஒரு முறை பார்த்தேன். செப்டம்பரில் அந்த ஆசிரியருக்கே அவற்றில் பாதிக்கு மேல் நினைவில்லை. நாள்தோறும் கவனித்து நடத்த முடியாத விதியை எழுதாமல் விடுவதே நல்லது. மீறினாலும் ஒன்றும் ஆகாது என்று மாணவர் ஒரு விதியில் கற்றுக்கொண்டால், அதை மற்ற ஏழுக்கும் பொருத்திப் பார்ப்பார்.

நான் எழுதுவது ஏறத்தாழ இப்படி இருக்கும். வகுப்பு நோட்டு ஒன்று, பயிற்சி நோட்டு ஒன்று, இரண்டும் எப்போதும் பையில் இருக்க வேண்டும். கணக்கின் ஒவ்வொரு வரியும் முந்தைய வரிக்குக் கீழே வர வேண்டும். பக்கவாட்டில் ஓடக் கூடாது. துணைக் கணக்கு வலது ஓரத்தில் கோடிட்ட பகுதியில் இருக்க வேண்டும். அதை அடிக்கக் கூடாது. கால்குலேட்டர் வேண்டாம், ஏனெனில் தேர்வறையில் அது கிடையாது. ஒரு நாள் வராதவர் மறுநாள் காலை வகுப்பு நோட்டை வாங்கி எழுதிய பிறகே வகுப்பில் உட்கார வேண்டும். புரியாததை அன்றே கேட்க வேண்டும். வகுப்பில் கேட்கத் தயங்குபவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி மேசைமேல் வைக்கலாம்.

மீதி இரண்டு வரிகள் ஆசிரியருக்கானவை. 'தேர்வுத் தாள்களை நான்கு பள்ளி நாள்களுக்குள் திருத்தித் தருவேன்.' 'மதிப்பெண்ணில் தவறு இருப்பதாக மாணவர் காட்டினால் கோபமின்றிப் பார்ப்பேன். தவறு என்னுடையதானால் வகுப்பிலேயே திருத்துவேன்.' இந்த இரண்டையும் எழுதாத தாள் மாணவருக்கு வெறும் கட்டளையாகவே தெரியும். எழுதிவிட்டு நான்காம் நாள் திருப்பித் தராமல் இருந்தால் அதைவிட மோசமாகிவிடும்.

தாளைப் பெற்றோர் கையெழுத்துக்கு அனுப்பும்போது, வீட்டில் அதைப் படிக்க முடியாத பெற்றோரும் இருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். 'அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நீயே வாசித்துக் காட்டி, பிறகு கையெழுத்து வாங்கி வா' என்று மாணவரிடம் சொல்லுங்கள். வாசித்துக் காட்டும்போது அவருக்கும் அது மனத்தில் பதியும்.

5. வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் தராதீர்கள்

இதில் எல்லா ஆசிரியர்களும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். ஆனாலும் பல ஆண்டுகள் இரண்டு விதமாகவும் செய்து பார்த்த பிறகே சொல்கிறேன். பயிற்சிக் கணக்குகள் அனைத்துக்கும் தீர்வு கைடில் இருக்கிறது. வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் உண்டென்றால் கைடைப் பார்த்து எழுதியவர் முழு மதிப்பெண் வாங்குவார். தானே போட்டுப் பார்த்துப் பாதியில் நின்றவர் குறைவாக வாங்குவார். நாம் வளர்க்க விரும்பும் பழக்கத்துக்கு அது நேர் எதிரானது.

அதற்குப் பதில் மறுநாள் காலை ஐந்து நிமிட ஸ்லிப் டெஸ்ட் வையுங்கள். நேற்றுக் கொடுத்த கணக்குகளில் ஒன்று, ஓர் எண்ணை மட்டும் மாற்றி. தானே போட்டவருக்கு மூன்று நிமிடம் போதும். பார்த்து எழுதியவர் இரண்டாம் வரியில் நின்றுவிடுவார். தன் நிலையை அந்த இடத்தில் அவரே அறிந்துகொள்வார். ஸ்லிப் டெஸ்ட்டை மாணவர்களே தாள் மாற்றித் திருத்தலாம். அதில் வரும் எண்ணைச் சராசரியில் சேர்க்க வேண்டாம். தொடர்ந்து நான்கு முறை விட்டவரை மட்டும் தனியே அழைத்துப் பேசுங்கள்.

வீட்டுப்பாடத்தின் அளவும் முக்கியம். ஒரு நாளைக்கு நான்கு கணக்கு போதும். இயற்பியலும் வேதியியலும் அதே மாலையில்தான் காத்திருக்கின்றன.

6. ஸ்டெப் மார்க்கைத் தேர்வுக்கு முன்பே எழுதிவைத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் கடைப்பிடிக்க நேரம் இருந்தால், இதைக் கடைப்பிடியுங்கள். வினாத்தாள் தயாரிக்கும் அன்றே ஒவ்வொரு வினாவுக்கும் எந்த வரிக்கு எவ்வளவு மதிப்பெண் என்று ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். தாள்களைத் திருத்தத் தொடங்கிய பிறகு முடிவு செய்தால், முதல் பத்துத் தாள்களுக்கு ஓர் அளவும் கடைசிப் பத்துத் தாள்களுக்கு வேறோர் அளவும் ஆகிவிடும். இரவு பதினொரு மணிக்குத் திருத்தும் கை, ஏழு மணிக்குத் திருத்திய கை போல் இருப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று மதிப்பெண் வினா: மூன்று பேனாக்களும் இரண்டு நோட்டுகளும் சேர்ந்து 70 ரூபாய்; ஒரு பேனாவும் நான்கு நோட்டுகளும் சேர்ந்து 90 ரூபாய்; நேர்மாறு அணி காணல் முறையில் ஒவ்வொன்றின் விலையையும் காண்க.

கெழு அணியின் முதல் நிரை 3, 2. இரண்டாம் நிரை 1, 4. அணிக்கோவையின் மதிப்பு 12−2, அதாவது 10. அணிச் சமன்பாட்டை எழுதி இந்த மதிப்பைக் கண்டால் ஒரு மதிப்பெண். சேர்ப்பு அணியின் முதல் நிரை 4, −2. இரண்டாம் நிரை −1, 3. அதை 10-ஆல் வகுத்து நேர்மாறு அணியை எழுதினால் இரண்டாவது மதிப்பெண். பெருக்கினால் பேனா 280−180 வகுத்தல் 10, அதாவது 10 ரூபாய்; நோட்டு −70+270 வகுத்தல் 10, அதாவது 20 ரூபாய். இதற்கு மூன்றாவது மதிப்பெண்.

இந்தக் கணக்குக்கு வகுப்பில் பெரும்பாலும் மூன்று விதமான தவறான தாள்கள் வரும்.

முதல் தாளில் சேர்ப்பு அணியின் குறிகள் மாறியிருக்கும். −2, −1 என்பவை 2, 1 என்று இருக்கும். அதைக் கொண்டு சரியாகப் பெருக்கிப் பேனா 46 ரூபாய், நோட்டு 34 ரூபாய் என்று முடித்திருப்பார். இரண்டாம் தாளில் சேர்ப்பு அணி சரி; ஆனால் 10-ஆல் வகுக்க மறந்ததால் பேனா 100 ரூபாய், நோட்டு 200 ரூபாய் என்று இருக்கும். மூன்றாம் தாளில் அணியே இருக்காது. நீக்கல் முறையில் போட்டு 10, 20 என்ற சரியான விடை இருக்கும்.

முதல் இரண்டு தாள்களுக்கும் என் வகுப்பில் இரண்டு மதிப்பெண். தவறிய நிலைக்கு மட்டும் ஒன்று போகும். அந்தத் தவறான எண்ணை வைத்து அடுத்த நிலையைச் சரியாகச் செய்திருந்தால் அதற்குரியது கிடைக்கும். மதிப்பெண் ஒன்றுதான் என்றாலும் இரண்டும் வேறு வேறு தவறுகள். முதலாமவருக்கு இணைக்காரணியின் குறிகளில் பயிற்சி வேண்டும். இரண்டாமவருக்கு அது தேவையில்லை; சூத்திரத்தை முதல் வரியில் எழுதிவிட்டுத் தொடங்கும் பழக்கம் வேண்டும். தாளில் வெறுமனே 2/3 என்று எழுதிக் கொடுத்தால் இருவருக்குமே எதைத் திருத்துவது என்று தெரியாது. அதனால் தவறிய வரியின் ஓரத்தில் 'குறி' அல்லது 'வகுத்தல்' என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள். நாற்பது தாள்களுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். அந்த ஒரு சொல் அடுத்த தேர்வில் மீட்டுத் தரும் மதிப்பெண்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் தாளுக்கு ஒரு மதிப்பெண். வினா ஒரு முறையைக் கேட்கும்போது வேறு முறையில் போட்டால் ஒன்றுக்கு மேல் இல்லை என்பதை ஜூனிலேயே சொல்லிவிடுவதால் யாரும் வருத்தப்படுவதில்லை. வினா முறையைக் குறிப்பிடாதபோது எந்தச் சரியான வழியில் போட்டாலும் முழு மதிப்பெண் தர வேண்டும். கைடில் உள்ள வழியில் இல்லை என்று ஒரு மதிப்பெண்ணைக் குறைப்பது, தானாகச் சிந்தித்த மாணவரைத் தண்டிப்பதாகும். விடை முழுதும் சரியாக இருந்தால் முழு மதிப்பெண். நிலைவாரியாகப் பிரித்துப் பார்ப்பது தவறு உள்ள விடைக்குத்தான்.

தவறான எண்ணோடு தொடர்ந்தவருக்கு அடுத்த நிலையின் மதிப்பெண் தரும் சலுகை டிசம்பர் வரைதான். ஜனவரியில் தொடங்கும் திருப்புதல் தேர்வுகளில் விடைக்குறிப்பில் உள்ள வரிக்கு மட்டுமே மதிப்பெண் தருவேன். பொதுத் தேர்வுத் தாளைத் திருத்தும் ஆசிரியர் நம் மாணவரை அறியாதவர். அவர் கையில் இருப்பது விடைக்குறிப்பு மட்டுமே. இந்த மாற்றத்தையும் ஜூனிலேயே எழுதிச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. 46 ரூபாய், 34 ரூபாய் என்று எழுதியவர் ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால், மூன்று பேனாவும் இரண்டு நோட்டும் 138 கூட்டல் 68, அதாவது 206 ரூபாய் ஆகிறது, வினாவில் 70 என்றல்லவா இருக்கிறது என்று பிடித்திருப்பார். இந்தச் சரிபார்ப்பு வரியை எதிர்பார்ப்பாகச் சொல்லுங்கள்; பொதுத் தேர்வில் இதற்குத் தனி மதிப்பெண் இல்லாததால் நீங்களும் தர வேண்டாம்.

7. ஒரு மதிப்பெண் வினாக்களில் குறியீடும் விடையும்

சரியான தெரிவின் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வினாத்தாளே சொல்கிறது. இரண்டில் ஒன்று தவறானாலும் மதிப்பெண் கிடையாது. வகுப்புத் தேர்வில் குறியீடு மட்டும் எழுதியதற்கு 'சரி' போட்டுப் பழக்கிவிட்டால், 20 மதிப்பெண் பகுதியில் பொதுத் தேர்வில்தான் அதன் விளைவு தெரியும். ஜூன் மாத முதல் தேர்விலிருந்தே இரண்டையும் கேளுங்கள்.

8. தேர்வுகளின் அளவும் இடைவெளியும்

90 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம். உங்கள் வகுப்புத் தேர்வும் இதே விகிதத்தில் இருக்க வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையில் 20 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் வினா ஐந்து, இரண்டு மதிப்பெண் வினா இரண்டு, மூன்று மதிப்பெண் வினா இரண்டு, ஐந்து மதிப்பெண் வினா ஒன்று. ஒரு பாடவேளையில் 50 மதிப்பெண் தேர்வு வைப்பவர்கள், தெரிந்ததைக்கூட எழுதி முடிக்காமல் வைத்துவிடும் பழக்கத்தையே மாணவரிடம் உண்டாக்குகிறார்கள்.

ஒவ்வோர் அதிகாரத்துக்கும் இப்படி ஒரு தேர்வு என்றால் பன்னிரண்டு அதிகாரங்களுக்குப் பன்னிரண்டு. காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுகள் தனி. அவற்றின் தேதி உங்கள் கையில் இல்லாததால், அட்டவணை வந்ததும் அதிகாரத் தேர்வுகளை அதற்கேற்ப நகர்த்துங்கள். பெரிய தேர்வுக்கு முந்தைய வாரம் அதிகாரத் தேர்வு வேண்டாம்.

காலாண்டு வரையிலும் தெரிவு கொடுக்காமல் எல்லா வினாக்களையும் எழுதச் சொல்லுங்கள். முதலிலிருந்தே 'அல்லது' கொடுத்தால், எளியதாகத் தோன்றும் பாதி அதிகாரங்களை மட்டும் படித்துப் பழகிவிடுவார்கள். பிறகு 30-ஆவது, 40-ஆவது கட்டாய வினாக்கள் படிக்காத அதிகாரத்திலிருந்து வந்தால் அங்கே ஐந்து மதிப்பெண் அப்படியே போகும்.

9. மறுதேர்வும் வராதவர்களும்

20-க்கு 10-க்குக் கீழே எடுத்தவருக்கு ஒரு வாரத்துக்குள் மறுதேர்வு உண்டு. அதற்கு ஒரு நிபந்தனை: தவறிய கணக்குகளைத் திருத்தி எழுதி, ஒவ்வொன்றின் கீழும் எங்கே தவறினேன் என்று ஒரு வரி எழுதிக் காட்ட வேண்டும். இந்த வரி இல்லாமல் மறுதேர்வு வைத்தால் அதே தவறு அதே இடத்தில் திரும்ப வரும்.

பதிவேட்டில் இரண்டு மதிப்பெண்களும் அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கட்டும். சராசரிக்கு அதிகமானதை எடுத்துக்கொள்ளுங்கள். மறுதேர்வில் எவ்வளவு எடுத்தாலும் 10-க்கு மேல் தர மாட்டேன் என்று உச்சவரம்பு வைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வாரம் தாமதமாகக் கற்றுக்கொண்டவரும் கற்றுக்கொண்டவர்தான். மார்ச்சில் அவர் எழுதப்போகும் தாளில் அந்த ஒரு வாரம் தெரியப்போவதில்லை.

தேர்வுக்கு வராதவருக்குப் பூஜ்யம் போடாதீர்கள். 14, 15, 16 எடுத்த மாணவர் ஒரு தேர்வுக்கு வரவில்லை என்று வையுங்கள். பூஜ்யம் போட்டால் சராசரி 11.25, 'வரவில்லை' என்று குறித்தால் 15. அந்த 11.25 அவருடைய கணித அறிவைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்ததை மட்டுமே சொல்கிறது. திரும்பி வந்த ஐந்து பள்ளி நாள்களுக்குள் வேறு வினாத்தாளில் எழுதச் சொல்லுங்கள். அதற்கும் வராவிட்டால் அப்போது பெற்றோரிடம் பேசுங்கள்; காரணம் பெரும்பாலும் கணிதத்துக்கு வெளியே இருக்கும்.

10. அகமதிப்பீட்டின் பத்து மதிப்பெண்

வருகைப் பதிவுக்கு 2, அகத் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு அல்லது செயல்திட்டத்துக்கு 2, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. வருகை 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இரண்டு மதிப்பெண்ணும், 75 முதல் 80 வரை ஒரு மதிப்பெண்ணும் கிடைக்கும்.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு பத்து போடுவது. பதிவேட்டில் ஆதாரம் இல்லாத எண்ணுக்குக் கையெழுத்திடுவது நீங்கள்தான் என்பதை மறக்கக் கூடாது. மற்றொன்று, 'இன்டர்னல் என் கையில்தான் இருக்கிறது' என்று வகுப்பில் மிரட்டுவது. அந்தப் பத்து மதிப்பெண் மாணவர் சம்பாதிப்பது. ஆசிரியர் தருவதுமில்லை, பறிப்பதுமில்லை. அதை மிரட்டலுக்குப் பயன்படுத்திய நாளிலிருந்து யாரும் உங்களிடம் சந்தேகம் கேட்க வர மாட்டார்கள்.

வருகைக் கணக்கை அக்டோபர் இறுதியிலேயே ஒவ்வொருவருக்கும் போட்டுக் காட்டுங்கள். ஆண்டில் 180 வேலை நாள் என்று வைத்தால் 80 சதவீதம் 144; அதற்கு மேல் என்றால் குறைந்தது 145. அக்டோபர் முடிய 100 நாளில் 74 நாள் வந்தவருக்கு, மீதி 80 நாளில் 71 நாளாவது வந்தாக வேண்டும். 'இனி ஒன்பது நாளுக்கு மேல் விடுப்பு எடுக்காதே' என்று எண்ணாகச் சொன்னால் அவருக்குப் புரியும். 'ஒழுங்காக வா' என்று சொல்வதில் அந்தத் தெளிவு இல்லை. ஒப்படைவுகளையும் பிப்ரவரியில் ஒரே வாரத்தில் வாங்காமல், பருவத்துக்கு ஒன்றாக வாங்கி அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

11. தாளைத் திருப்பிக் கொடுத்தலும் முறையீடும்

மதிப்பெண்களை வகுப்பில் உரக்க வாசிக்காதீர்கள். தாளை மடித்து அவரவர் கையில் கொடுங்கள். பிறகு அரைப் பாடவேளை ஒதுக்கி, நீங்கள் எழுதிவைத்த ஸ்டெப் மார்க் தாளைக் கரும்பலகையில் போடுங்கள். மாணவர் தம் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கூட்டல் தவறோ, திருத்தாமல் விட்ட பக்கமோ இருந்தால் மூன்று நாள்களுக்குள் காட்டலாம். வாய்மொழியாகக் கேட்காமல், வினா எண்ணையும் காரணத்தையும் ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். எழுதும்போது பலர் தாமாகவே தம் தவறைக் கண்டுகொள்கிறார்கள்.

இது பொதுத் தேர்வுக்கும் ஒரு பயிற்சி. முடிவு வந்த பிறகு விடைத்தாள் நகல் வாங்கி, அதைப் பார்த்து, மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவெடுக்கும் வாய்ப்பு மாணவருக்கு உண்டு. எந்த வரிக்கு எவ்வளவு என்று ஆண்டு முழுதும் பார்த்துப் பழகியவரால்தான் அந்த நகலைப் படித்து, விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று தெளிவாகச் சொல்ல முடியும்.

பெற்றோர் சந்திப்பிலும் ரேங்கை முன்வைக்காமல் விடைத்தாளை முன்வையுங்கள். 'உங்கள் மகன் 43' என்றால் அந்த அப்பா வீட்டுக்குப் போய் மகனைத் திட்டத்தான் முடியும். 'வெக்டர் இயற்கணிதத்தில் ஐந்து மதிப்பெண் கணக்கு இரண்டையும் தொடவே இல்லை. அந்த அதிகாரத்தை இரண்டு வாரம் காலையில் அரை மணி நேரம் போட வையுங்கள்' என்றால் அவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது.

12. காலாண்டுக்குப் பிறகு எதை மாற்றலாம்

செப்டம்பரில் பதிவேட்டை ஒரு முறை முழுதாகப் பாருங்கள். ஓரத்தில் எழுதிய 'குறி', 'வகுத்தல்' போன்ற சொற்களை எண்ணிப் பார்த்தால் வகுப்பு எங்கே தடுமாறுகிறது என்பது தெரியும். அதற்கேற்பப் பயிற்சியை மாற்றலாம். ஸ்லிப் டெஸ்ட்டின் நேரத்தை மாற்றலாம். வீட்டுப்பாடத்தைக் குறைக்கலாம் அல்லது கூட்டலாம்.

சராசரி கணக்கிடும் முறை, மறுதேர்வு விதி, ஸ்டெப் மார்க் அளவு ஆகிய மூன்றையும் நடுவில் மாற்றக் கூடாது. ஒன்றில் குறை இருப்பது தெரிந்தால் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதிவைத்து, அடுத்த ஜூனில் புதிய வகுப்புக்கு மாற்றுங்கள். மாணவருக்குச் சாதகமான மாற்றம் ஒன்று மட்டும் விதிவிலக்கு. அதையும் இனி வரும் தேர்வுகளோடு நிறுத்தாமல், ஏற்கெனவே முடிந்த தேர்வுகளுக்கும் எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரி கணக்கிட்டுத் திருத்திய எண்ணை அவரவரிடம் காட்டிவிடுங்கள்.